பெயரிடாப்பும் பைதன் மொழியும்

‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்துக்கள் எத்தனை என்று முதலாந் தரத்து மாணாக்கன் ஒருவனை வினவின், மூன்று என்பான். அவ்வினாவையே பைதன் என்னும் கணினிமொழியில், நீளங் காணுதற்குரிய ‘லென்’ என்ற ஆணையைக் கொண்டு வினவின், ஐந்து என்று விடை வரும். இலக்கணங் கற்றார்க்கு இவ்விடை நகைப்பை விளைத்தல் கூடும். ஆயினும் பொறி பிழையாக எண்ணிற்றில்லை. அது எண்ணியது எழுத்தையன்று. எழுத்தை அமைத்தற்கு வேண்டிய குறிகளையே எண்ணிற்று. தகரம் ஒன்று, மகரம் ஒன்று, மகரத்தின்மேல் ஏறிய இகரக் குறி ஒன்று, ழகரம் ஒன்று, அதன் தலைமேல் நின்ற புள்ளி ஒன்று, ஆக ஐந்து.

உலகமொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட யுனிகோட் என்னும் குறிமுறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ககரத்தின் எண் 2965. புள்ளியின் எண் 3021. இவ்விடத்து நாம் கருதற்பாலது ஒன்றுண்டு. மெய்யே முதலெழுத்து, அது புள்ளி பெறும், அகரம் ஏறும்போது புள்ளி நீங்கும் என்பது தொல்காப்பியமும் நன்னூலும் காட்டும் நெறி. யுனிகோட்டிலோ இம்முறை தலைகீழாகியது. அங்கே அகரமேறிய ககரமே முதற்பொருள். புள்ளி பின்னர் வந்து ஒட்டுவது. இவ்வொரு மாறுபாட்டை மனத்திற் கொள்வோமாயின், தமிழ்ப் பட்டியல்களைக் கணினியிற் கையாளும்போது எழும் இடர்களிற் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

பைதன் மொழியைப்பற்றி இரண்டொரு சொல். ஒல்லாந்து நாட்டினரான கைடோ வான் ராசம் என்பார் 1989ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் இதனை ஆக்கத் தொடங்கி, 1991ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளியிட்டார். மலைப்பாம்பைக் கருதி இட்ட பெயரன்று இது. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் நடத்திய நகைச்சுவைத் தொடரொன்றன் பெயரினின்று எடுத்தது. 2008ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பே நமக்கு முதன்மையானது; எழுத்துத் தொடரெல்லாம் யுனிகோட்டே என்னும் ஏற்பாடு அதிலேதான் இயல்புநெறியாயிற்று. அதன் ஆணைச்சொற்கள் ஆங்கில எழுத்தால் தட்டச்சிடப்படுவன. ஈண்டு அவற்றை ஒலிப்பு நோக்கித் தமிழில் தருகின்றோம்.

இனி, ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் கணினியில் அன்றாடம் நேரும் வேலை யாது? பெரும்பாலும் பட்டியல் வேலையே. வரவு இடாப்பு, புள்ளிப் பட்டியல், சீருடைத் துணி பெறுவோர் பட்டியல், புலமைப்பரிசிற் பரீட்சைக்குத் தோற்றுவோர் பட்டியல் என அவை விரியும். எம் கந்தப்பளைப் பகுதித் தோட்டங்களிலே ‘பேர்’ என்னும் சொல்லுக்கு வேறெங்குமில்லாத கனமுண்டு. பெரட்டுக் களத்திற் கூப்பிட்டுச் செக்ரோலிற் பதியும் ஒருநாள் வேலையையே ‘பேர்’ என்பர்; குறித்த அளவு கொழுந்து எடுக்காதார்க்கு ‘அரைப்பேர்’ விழும். பெயர் விடுபட்டால் கூலி விடுபடும் என்று கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, பட்டியலிற் பெயரைத் தேடுதல் விளையாட்டன்று. ஆதலின் பைதனின் சிறு உத்திகளைப் பெயர்ப்பட்டியலை முன்னிட்டே ஆராய்வாம்.

முதற்கண் எழுத்தெண்ணுதல். பைதனுடன் கூடவே வரும் ‘யுனிகோட்டேட்டா’ என்னும் தொகுதி, ஒவ்வொரு குறியும் தனித்து நிற்பதா, பிறிதொன்றைச் சார்ந்து நிற்பதா என்று வகை கூறும். சொல்லை இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாகப் பார்த்துச் செல்க. சார்ந்து நிற்கும் குறி வரின் முன்னெழுத்தோடு அதனை ஒட்டுக. தனிநிற்பது வரின் புதிய எழுத்தாகத் தொடங்குக. ஐந்தாறு வரிகளில் முடியும் இந்நிரல், ‘தமிழ்’ என்பதை மூன்றாகவே பகுத்துத் தரும். வடவெழுத்துக் கூட்டாகிய க்ஷ, ஸ்ரீ என்பன மட்டும் இரண்டிரண்டாகப் பிரியும். அவற்றை ஒன்றாகக் கொள்ள விரும்புவோர் தனி விதி சேர்த்தல் வேண்டும்.

அடுத்தது அகரவரிசை. இஃதே கட்டுரையின் நடுப்பொருள். பைதனிலே ‘சார்ட்டெட்’ என்னும் ஆணை எப்பட்டியலையும் ஒரு கணத்தில் வரிசைப்படுத்தும். கமலா, கலா, கவிதா, கனகா என்னும் நால்வர் பெயரை அதனிடம் கொடுத்துப் பாருங்கள். கனகா, கமலா, கலா, கவிதா என அது திருப்பித் தரும். நெடுங்கணக்கின் ஈற்றில் நிற்க வேண்டிய றகர னகரங்களுள் னகரம், மகரத்துக்கு முன்னே ஏறிவிட்டமையே இதற்குக் காரணம். யுனிகோட்டில் நகரம் 2984, னகரம் 2985, பகரம் 2986. அவ்வாறே ரகரத்தை அடுத்து றகரம். லகரத்தை அடுத்து ளகரமும் ழகரமும். அதன் பின்னரே வகரம். இவ்வடைவு எங்கிருந்து வந்தது? இந்திய அரசு 1988இல் வகுத்த இஸ்கி என்னும் குறிமுறையை அடியொற்றி இந்திய மொழிகளுக்கான இடங்களை யுனிகோட்டார் அமைத்தனர். தேவநாகரி எழுத்துக்கு எவ்விடமோ, அதற்கு நேரான தமிழெழுத்துக்கும் அவ்விடம். தமிழுக்குச் சிறப்பாக உரிய எழுத்துக்கள் ஒலியால் அண்மையுடையவற்றின் அருகே அமர்த்தப்பட்டன.

இதனால் யுனிகோட்டாரைக் குறைகூறுவதற்கில்லை. குறியெண் வேறு, அகரவரிசை வேறு என்பதை அவர்களே வற்புறுத்தி, வரிசைப்படுத்துதற்கெனத் தனி நெறியும் வகுத்துள்ளனர். பைதனின் ‘சார்ட்டெட்’ அந்நெறியை நோக்காது குறியெண்ணை மட்டும் நோக்குவதே இடரின் மூலம்.

புள்ளியால் விளையும் இடர் இதனினும் நுண்ணியது. கண்ணன், கணபதி, கணேசன் என்பது அகராதி முறை. மெய் முன்னும் உயிர்மெய் பின்னும் வரும். பைதனோ கணபதி, கணேசன், கண்ணன் என வைக்கும். புள்ளியின் எண் 3021 ஆகவும், ஏகாரக் குறியின் எண் 3015 ஆகவும் இருத்தலின், புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னே தள்ளப்படுகின்றது. நாற்பது பெயருள்ள இடாப்பிலே கண்ணனைக் ககர வரிசையின் தொடக்கத்திலே தேடும் ஆசிரியர், அங்கே காணாது, அவன் பெயர் பதியப்படவில்லை எனக் கருதி மீண்டும் பதிவாராயின், ஒரு பிள்ளை இருவராகிவிடுவான்.

தீர்வு எளிது. ‘சார்ட்டெட்’ என்னும் ஆணை ‘கீ’ என்றொரு துணையை ஏற்கும். எதனை அளவாகக் கொண்டு வரிசைப்படுத்துவது என்பதை நாமே அதன்வழி உரைக்கலாம். மேலே கூறியவாறு பெயரை எழுத்தெழுத்தாகப் பகுத்த பின், ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இணையெண் கொடுக்க. இணையின் முதலெண் மெய்யின் இடம். க் 1, ங் 2 எனத் தொடங்கி ன் 18 வரை. அதன் பின் ஜ, ஷ, ஸ, ஹ முதலியன. இரண்டாம் எண் உயிரின் இடம். புள்ளிக்குச் சுழியம், அகரத்துக்கு 1, ஆகாரத்துக்கு 2, இவ்வாறே ஔகாரத்துக்கு 12. தனியுயிர்க்கு முதலெண் சுழியம். பைதன் இவ்விணைகளை முதலொடு முதலாகவும், அவை ஒத்தவழி இரண்டாவதொடு இரண்டாவதாகவும் ஒப்பிடும் இயல்புடையது. பதினைந்து வரிக்குள் அடங்கும் இந்நிரலால் பவணந்தியார் கண்டாலும் குறைசொல்லாத வரிசை கிடைக்கும். மரபாக நாம் மனனஞ்செய்த நெடுங்கணக்கு அப்படியே நிரலின் உறுப்பாக நிற்பதைக் காணும்போது தமிழாசிரியர்க்கு ஓர் உவகை உண்டாதல் இயல்பே. நிரலெழுத விரும்பாதார் ஐ.சி.யு. என்னும் தொகுதியைப் பைதனோடு இணைத்துக்கொள்ளலாம். அது தமிழ் முறையை அறியும்.

நம் பெயர்களின் முன்னே தந்தையார் பெயரின் முதலெழுத்து நிற்றலின், ‘மு. கணேசன்’ மகர வரிசையிற் போய்விடும். இறுதிப் புள்ளிக்கு வலப்பால் உள்ளதை மட்டும் எடுக்க ‘ஆர்ஸ்பிளிட்’ என்னும் ஆணை போதும்.

வரிசை பிறழ்ந்தாலும் பெயர் எங்கேனும் இருக்கும். தேடியும் அகப்படாத பெயரின் நிலையோ வேறு. கோகிலா என்னும் பெயரை நோக்குக. கோ என்பதைக் ககரமும் ஓகாரக் குறியுமாக இரு குறிகளால் எழுதலாம். ககரமும் ஏகாரக் கொம்பும் காலுமாக மூன்று குறிகளாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, அச்சிட்டாலும் ஒன்றே. பைதனுக்கோ முன்னது ஆறு குறியுடைய பெயர்; பின்னது ஏழு குறியுடைய வேறொரு பெயர். ஒரு பட்டியலிலே முதல் முறையாலும், பழைய எழுத்துருவினின்று மாற்றப்பட்ட மற்றொரு பட்டியலிலே இரண்டாம் முறையாலும் கோகிலா எழுதப்பட்டிருப்பின், இரண்டையும் ஒப்பிடும் நிரல் ‘இல்லை’ என்றே கூறும். அப்பிள்ளை கண்முன்னே இருக்கக் காகிதத்தில் இல்லாதவளாவாள். இதற்கு மருந்து ‘நார்மலைஸ்’ என்னும் ஆணை. ‘என்.எஃப்.சி.’ என்ற வகையைக் குறித்து அதனை ஏவின், பிரிந்து நின்ற கொம்பையும் காலையும் ஒன்றாக்கிவிடும். எப்பட்டியலை வாசித்தாலும் முதல் வேலையாக இதனைச் செய்தல் நன்று.

கண்ணுக்குப் புலனாகாத குறிகளும் உள. சொற்களின் முன்னும் பின்னும் ஒட்டிய வெற்றிடத்தை ‘ஸ்ட்ரிப்’ என்னும் ஆணை நீக்கும். ஆனால் இணையத்திலிருந்து படியெடுக்கும்போது ஒட்டிவரும், 8204 என்னும் எண்ணுடைய அகலமில்லாக் குறியை அது தொடாது. ‘ரிப்பிளேஸ்’ என்னும் ஆணையால் அதனைத் தனியே களைய வேண்டும். இலங்கையிற் பன்னாள் வழங்கிய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட ஏடுகளோ மற்றொரு வகை. அவை தமிழ்போல் தோன்றினும், கணினியின் வயிற்றுள் இருப்பது ஆங்கில எழுத்தே. அவற்றை யுனிகோட்டாக மாற்றிய பின்னரே மேற்கூறிய உத்திகள் செல்லும்.

இவையெல்லாம் பொறியால் நேர்ந்த வேறுபாடுகள். மனிதர் எழுதியதால் நேர்ந்த வேறுபாட்டுக்கு வருவாம். லட்சுமி, இலட்சுமி, லெட்சுமி என்பன ஒரு பெயரின் மூன்று வடிவங்கள். மலையகத்தில் ஒருவருடைய பிறப்புச் சான்றில் ஒருவகையாகவும், பாடசாலை விடுகைப் பத்திரத்தில் வேறுவகையாகவும், தோட்டத்து ஏட்டில் மூன்றாவதொரு வகையாகவும் இப்பெயர் காணப்படுதல் அரிதன்று. தமிழ்ப்பெயர் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதப்பட்டு மீண்டும் தமிழுக்கு வருங்கால் உருத்திரிவது இயல்பு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தாற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை நிறுவவேண்டியிருந்தது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் ஒரு பகுதியாரை இந்தியாவுக்கும் ஒரு பகுதியாரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சியோர்க்கு வழிவகுத்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். இவ்வளவு காலமும் ஒரு குடும்பத்தார் தகரப் பெட்டியில் வைத்துக் காத்தவை காகிதங்களே. எழுத்து ஒன்று மாறினும் அஞ்சும் மனநிலை எங்கிருந்து வந்ததென்பது இதனால் விளங்கும்.

இத்தகைய பெயர்களைக் கண்டெடுக்கப் பைதனுடன் வரும் ‘டிஃப்லிப்’ தொகுதியிலே ‘கெட் குளோஸ் மாச்சஸ்’ என்றோர் ஆணையுண்டு. ஒரு பெயரைக் கொடுத்தால் பட்டியலில் அதற்கு மிக நெருங்கியவற்றை அது எடுத்துக் காட்டும். நெருக்கத்தை அளக்கும் முறை இது: இரு பெயரிலும் ஒத்துவரும் குறிகளை எண்ணி இரட்டித்து, இரு பெயர்களின் மொத்தக் குறிகளால் வகுத்தல். லட்சுமி 7 குறி, லெட்சுமி 8 குறி, ஒத்தவை 7, ஆகவே 14ஐ 15ஆல் வகுக்க 0.93 வரும். நாம் வேறு கூறாவிடின் 0.6 அளவோ அதற்கு மேலோ உள்ளவற்றையே அது நெருங்கியவையாகக் கொள்ளும். எனவே மூன்று லட்சுமியரும் ஒருங்கே அகப்படுவர். ஆனால் இந்த 0.6 அளவிலே கமலாவைத் தேடினால் விமலாவும் வருவாள். ஒத்த குறி மூன்று, மொத்தம் ஒன்பது, விகிதம் 0.67. ஒரே லயத்தில் வாழும் அக்காளும் தங்கையுமாக அவர்கள் இருத்தல் கூடும். நெருங்கிய பெயரைக் காட்டுவதோடு நிரலை நிறுத்திவிட வேண்டும். இருவரை ஒருவராக்கும் அதிகாரத்தை அதற்குக் கொடுத்தலாகாது என்பது எம் துணிபு.

வராதவர் யார் என்று காண்பதற்கு ‘செட்’ என்னும் கணம் உதவும். இடாப்பிலுள்ளோர் கணத்தினின்று பரீட்சைக்கு வந்தோர் கணத்தைக் கழித்தற்குறியாற் கழிப்பின் எஞ்சியோர் வராதவர். இங்கும் ஒரு விழிப்பு வேண்டும். கணத்தில் ஒரு பொருள் ஒருமுறையே இருக்கும். வகுப்பில் மகேஸ்வரி என்னும் பெயருடையார் இருவர் இருப்பின், கணம் ஒருத்தியை விழுங்கிவிடும். ஆதலின் பெயரால் அன்றிச் சேர்விலக்கத்தாலேயே கணம் அமைத்தல் வேண்டும். ஒவ்வொருவரும் பன்னாள் எடுத்த கொழுந்தின் நிறையைக் கூட்டுதற்கும், எந்தப் பாடத்தை எத்தனைபேர் தெரிந்தனர் என்று எண்ணுதற்கும் ‘கவுண்டர்’ என்னும் அமைப்பு ஏற்றது. முன் காணாத பெயரைச் சுழியமாகக் கொண்டு அது தானே தொடங்கும்.

புள்ளிகளைக் கையாளுவோர்க்குக் கட்டாயம் உரைக்க வேண்டியது ‘ரவுண்ட்’ என்னும் ஆணையின் இயல்பு. ஒரு மாணாக்கன் இரு வினாத்தாள்களில் 30, 39 பெறுகிறான், சராசரி 34.5. அரையை மேலே ஏற்றுதல் நம் பள்ளி வழக்கம். அவன் 35 பெற்றுச் சித்தியடைவான். பைதனின் ‘ரவுண்ட்’ அதனை 34 ஆக்கும். சரியாக அரையில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டையெண்ணுக்குக் கொண்டு செல்லுதல் அதன் நெறி; 35.5 வரின் 36 ஆக்கும். பெருந்தொகையான எண்களைக் கூட்டுங்கால் ஒருபக்கச் சாய்வு நேராதிருக்க வகுத்த நெறி இது, கணக்கியலில் குற்றமில்லை. ஆனால் அந்த மாணாக்கனுக்கு அது சமாதானமாகாது. ‘டெசிமல்’ என்னும் தொகுதியில் ‘ரவுண்ட் ஹாஃப் அப்’ என்ற முறையைக் குறித்துச் செய்தால் 35 கிடைக்கும். ரூபா சதக் கணக்குக்கும் அத்தொகுதியே தக்கது; இயல்பான தசமத்தில் 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் பைதன் சரியாக 0.3 என்று தருவதில்லை.

நிலைபெயரா வரிசை என்பது மற்றொரு நன்மை. ஒத்த புள்ளி பெற்றோர் தம்முள் முன்னிருந்த முறையிலேயே நிற்பர். ஆகவே முதலிற் பெயரால் வரிசைப்படுத்திப் பின்னர் புள்ளியால் வரிசைப்படுத்தின், சம புள்ளியினர் அகரவரிசையில் அமைவர். இம்முறைக்கு அடிப்படையான நெறியை டிம் பீட்டர்ஸ் என்பார் 2002இல் பைதனுக்கென ஆக்கினார்.

கோப்பைத் திறக்குங்கால் குறிமுறை இன்னதெனச் சொல்லாதுவிடுவதே தமிழர்க்கு அடிக்கடி நேரும் இடர். விண்டோஸ் பொறிகளில் அவ்வாறு விடின், தமிழறியாத பழைய குறிமுறையைப் பைதன் எடுத்துக்கொள்ளுதல் உண்டு. ‘என்கோடிங்’ என்னுமிடத்தில் யு.டி.எஃப்-8 எனக் குறித்தல் வேண்டும். எக்செல்லில் திறக்கவுள்ள பட்டியலாயின் யு.டி.எஃப்-8-சிக் எனக் குறிக்க. இல்லையேல் தமிழ்ப்பெயர்கள் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். எக்செல்லிலிருந்து வரும் பட்டியலை வாசிக்கும்போதும் அதனையே குறிக்க. முதற் பெயரின் தலையிலே ஒட்டிநிற்கும் கண்காணாக் குறி அதனால் நீங்கும். முதற் பெயர் மட்டும் தேடலில் அகப்படாமைக்குப் பெரும்பாலும் அக்குறியே காரணம்.

தமிழில் நிரலெழுத விரும்பும் மாணாக்கர்க்கு இரண்டு செய்திகள். பைதனின் மூன்றாம் பதிப்பிலே நாம் ஆக்கும் பெயர்களைத் தமிழெழுத்தாலேயே இடலாம்; ‘புள்ளி’, ‘சராசரி’ எனப் பெயரிட்டு எழுதும் நிரல் தடையின்றி இயங்கும். ஆணைச்சொற்களும் தமிழாக வேண்டுமாயின் ‘எழில்’ என்றொரு மொழி உண்டு. முத்து அண்ணாமலை அதனைப் பைதனைக் கொண்டே ஆக்கி, 2009இல் அதுபற்றிக் கட்டுரையும் வெளியிட்டார். ‘பதிப்பி’ என்று கட்டளையிட்டால் அது திரையிலே பதிப்பிக்கும். அவரும் பிறரும் சேர்ந்து வளர்த்த ‘ஓப்பன் தமிழ்’ என்னும் பைதன் தொகுதியில், சொல்லை எழுத்தெழுத்தாகப் பகுக்கும் ‘கெட் லெட்டர்ஸ்’ என்ற ஆணையும், பழைய எழுத்துருக்களை யுனிகோட்டாக்கும் கருவிகளும் உள்ளன. கட்டணமின்றிக் கிடைப்பது அது. ஆயினும் எழுத்தைப் பகுக்கும் அந்த ஐந்தாறு வரிகளை மாணாக்கர் ஒருமுறையேனும் தம் கையால் எழுதிப் பார்த்து, தத்தம் பெயரைக் கொடுத்துச் சோதித்த பின் அத்தொகுதியை எடுத்துக்கொள்ளுதல் நலம். மெய்யும் உயிரும் புள்ளியும் எங்கே பிரிகின்றன என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.